சிறிய தேசம்

பெரியோருக்கென ஆக்கப்பட்ட ஒரு கலைப் படைப்பைச் சிறுவருக்கென மாற்றி அமைக்கும்போது, எதனைக் குறைப்பது, எதனைக் காப்பது என்னும் வினா எழுதல் இயல்பே. நேரத்தைக் குறைக்கலாம், நிறங்களைக் கூட்டலாம், இடையிடையே நகைப்பை ஊட்டலாம், இறுதியில் ஓர் அறிவுரையையும் ஒட்டிவிடலாம். சிறுவர் கலை என்ற பெயரால் உலகின் பல நாடுகளிலும் நடைபெறுவது பெரும்பாலும் இதுவே. கரும்பைப் பிழிந்து சாற்றைப் பெரியோர் பருகியபின், சக்கையைச் சிறுவர் கையில் கொடுப்பது போன்ற செயல் இது. அங்ஙனமன்றிச் சாற்றையே ஒரு சிறு குவளையில் வார்த்துக் கொடுக்கும் முயற்சி ஒன்று 2015-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் நடைபெற்றது. ‘சோட்டோ தேஷ்’ என்பது அவ்வாடலின் பெயர். வங்க மொழியில் ‘தேஷ்’ என்பது தேசம். ‘சோட்டோ’ என்பது சிறியது. சிறிய தேசம் என்பது அப்பெயரின் பொருள்.

மேலை நாட்டு ஆடலரங்கு அதற்குமுன் சிறுவரை முற்றும் மறந்திருந்தது என்று கூறிவிட முடியாது. 1892-ஆம் ஆண்டில் உருசிய நாட்டின் பீட்டர்ஸ்பர்க் நகரில் முதன்முதலாக ஆடப்பெற்ற ‘நட்கிராக்கர்’ என்னும் பாலே, கிறிஸ்துமஸ் பரிசாக வந்த பொம்மை ஒன்று இரவில் உயிர் பெற்றெழும் கதையைக் கூறுவது. ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்களில் பெற்றோர் தம் மக்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது இன்றும் பெரும்பாலும் அதற்கே. ஆனால், இருபதாம் நூற்றாண்டில் தோன்றி வளர்ந்த தற்கால நடனத்தின் நிலை வேறு. அது பாலேயின் இறுகிய இலக்கணத்தை உதறியது. கால்விரல் நுனியில் நிற்றலை விடுத்து வெறுங்காலால் தரையை மிதித்தது. கதை கூறுவதையும் பலகாலும் கைவிட்டது. விழுதல், எழுதல், ஓடுதல், நிற்றல் என்பனவே அதற்குப் பொருளாயின. ‘இஃது எதனைக் குறிக்கிறது?’ என்று கற்றோரே திகைத்து நிற்கும் ஆடல்களும் உண்டு. ஆதலின், தற்கால நடனம் சிறுவர்க்கு ஏலாதது என்னும் எண்ணம் நிலவியது. திகைப்புச் சிறுவரை அவ்வளவாக வருத்துவதில்லை என்பதைப் பெரியோர் மறந்தனர் போலும்! பொருள் விளங்காத பாட்டையும் நாள்தோறும் பாடி மகிழ்பவர் அவரல்லரோ?

சிறிய தேசத்தைப் படைத்தவர் அக்ரம் கான். அவர் 1974-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் இன்று வங்காள தேசம் என வழங்கும் நாட்டிலிருந்து அங்குச் சென்று குடியேறியவர்கள். தந்தையார் உணவு விடுதி நடத்தி வந்தார். ஏழாம் வயதில் அக்ரம் கான், பிரதாப் பவார் என்னும் ஆசிரியரிடம் கதக் நடனம் கற்கத் தொடங்கினார். கதக் வட இந்தியாவிற்குரிய ஆடல். கதை கூறுவோரிடமிருந்து தோன்றியதால் அது கதக் எனப் பெயர் பெற்றது. காலில் நூற்றுக்கு மேற்பட்ட சலங்கைகளைக் கட்டிக்கொண்டு, பாதத்தால் தாளத்தின் நுட்பங்களையெல்லாம் தரையில் எழுதுவது அதன் ஒரு கூறு. பம்பரம்போல் சுழன்று, சுழற்சி முடியும் கணத்தில் சிலைபோல் நிற்பது மற்றொரு கூறு. ஒருவரே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவதற்குள் கண்ணனாகவும், மறு சுற்றில் யசோதையாகவும் மாறிவிடுவது மூன்றாவது. இம்மூன்றாம் கூறு பின்னர் அவருக்குப் பெருந்துணையாய் அமைந்தது.

அவருக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, பீட்டர் புரூக் என்னும் புகழ்பெற்ற நாடக இயக்குநர் தாம் நடத்திய மகாபாரத நாடகத்திற்கு அவரைத் தேர்ந்தெடுத்தார். 1987 முதல் 1989 வரை அந்நாடகக் குழுவினருடன் அச்சிறுவர் உலகின் பல நகரங்களுக்கும் சென்றார். அந்நாடகத்தின் திரைவடிவத்தில் அவர் ஏற்ற வேடம் ஏகலைவன். வீட்டிலே வங்க மொழி, பள்ளியிலே ஆங்கிலம், ஆசிரியரிடம் கதக், அரங்கிலே பாரதம், தனியறையிலே மைக்கேல் ஜாக்சனின் ஆட்டம் என அவருடைய இளமை பல திசைகளிலும் இழுக்கப்பட்டது. பின்னர் அவர் கல்லூரியில் சேர்ந்து தற்கால நடனத்தை முறையாகப் பயின்றார். கதக்கின் நேரான முதுகும் விரைந்த பாதமும், தற்கால நடனத்தின் தரையில் புரளும் உடலும் ஒன்றோடொன்று மோதின. அம்மோதலையே அவர் தம் நடையாக ஆக்கிக்கொண்டார். 2000-ஆம் ஆண்டில் ஃபரூக் சௌத்ரி என்பவருடன் இணைந்து தம் பெயரால் ஒரு நடனக் குழுவையும் நிறுவினார்.

2011-ஆம் ஆண்டில் அக்ரம் கான் ‘தேஷ்’ என்னும் தனியாடலை இலெஸ்டர் நகரில் அரங்கேற்றினார். பின்னர் அஃது இலண்டனின் புகழ்பெற்ற சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கிலும் ஆடப்பெற்றது. தாம் பிறவாத, ஆயினும் தம்முடையது என்று தந்தையார் ஓயாது கூறிய ஒரு நாட்டைப் பற்றியது அது. அவ்வாடலை ஆக்குமுன் அவர் தம் துணைவர்களோடு வங்காள தேசம் சென்று, அதன் ஆறுகளையும் தெருக்களையும் தொழிலாளரையும் கண்டு வந்தார். கேரளத்தில் பிறந்து பாரிஸ் நகரில் வாழும் கவிஞர் கார்த்திகா நாயர் அதற்கு உரையும் கதையும் எழுதினார். ஜோசலின் பூக் இசையமைத்தார். சீனக் கலைஞர் டிம் இப் அரங்கினை அமைத்தார். ஏறத்தாழ 80 நிமிடம் ஒருவரே மேடையில் நின்று ஆடும் அவ்வாடலுக்கு 2012-ஆம் ஆண்டில், புதிய நடனப் படைப்புக்குரிய ஒலிவியர் விருது கிடைத்தது.

பெரிய தேசம் சிறிய தேசமானது நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளும் அவர்தம் குடும்பத்தாரும் ஒருங்கிருந்து காணுமாறு ஓர் ஆடல் வேண்டும் என்னும் விருப்பம் அதற்குக் காரணமாயிற்று. அதனைச் சிறுவர்க்கென மாற்றியமைக்கும் பொறுப்பை ஏற்றவர் சூ பக்மாஸ்டர் என்னும் அம்மையார். அவர் பாவைக்கூத்தினைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் வந்தவர். சிறுவர் நாடகங்களை ஆக்கும் ‘தியேட்டர் ரைட்ஸ்’ என்னும் குழுவின் இயக்குநர். நடனம் அறிந்த ஒருவரைத் தேடாது, பாவையை அறிந்த ஒருவரிடம் இப்பணி சென்றது கருதத்தக்கது. உயிரற்ற பொருளுக்கு உயிர் கொடுப்பது பாவைக்கூத்தின் கலை. ஒரு நாற்காலியும் பாத்திரமாகும் என்பதை அதில் பழகியவர் அறிவர். குழந்தைகளோ அதனைப் பிறவியிலேயே அறிந்தவர்கள். அக்ரம் கானின் ஆடலை அம்மையார் 50 நிமிட அளவினதாகச் சுருக்கினார்.

ஆடல் ஒரு கைப்பேசியோடு தொடங்குகிறது. இளைஞன் ஒருவனுடைய கைப்பேசி பழுதுபட்டுத் திறக்க மறுக்கிறது. உதவி வேண்டி அவன் ஒரு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கிறான். மறுமுனையில் விடை கூறும் குரல் நெடுந்தொலைவிலுள்ள வங்காள தேசத்திலிருந்து வருகிறது. அதுவும் ஒரு சிறு பிள்ளையின் குரல்! தன்னைப் பற்றிய செய்திகளையெல்லாம் இளைஞன் அப்பிள்ளையிடம் கூறி மெய்ப்பிக்க வேண்டியவனாகிறான். ‘நீர் யார்?’ என்னும் எளிய வினாவிற்கு அவனால் எளிதில் விடையிறுக்க முடியவில்லை. அரங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இதனைக் கண்டு நகைப்பர். வளர்ந்த ஒருவர் சிறு பிள்ளை முன் விழிப்பது அவர்களுக்கு நகைப்பன்றி வேறென்ன? பெரியோர்க்கோ நகைப்போடு வேறொரு நினைவும் வரும். பள்ளியில் இருக்கவேண்டிய வயதில் அப்பிள்ளை ஏன் பணியில் அமர்ந்திருக்கிறது என்று எண்ணுவர். ஒரே காட்சி ஒரே வரிசையில் அமர்ந்த இருவரிடம் இரு வேறு வாயில்களால் நுழைகின்றது. குடும்பத்திற்கான ஆடல் என்பதற்கு இலக்கணம் இதுவே எனலாம்.

அத்தொலைபேசி அழைப்பு இளைஞனின் நினைவைப் பின்னோக்கி இழுக்கிறது. வங்காள தேசத்தின் நகரத் தெரு ஒன்றில் அவன் நிற்கிறான். மேடையில் வண்டி இல்லை, மாடு இல்லை, மனிதர் எவரும் இல்லை. ஒலி மட்டும் நாற்புறமும் எழுகிறது. சைக்கிள் ரிக்‌ஷாக்களின் மணியோசையும், பேருந்துகளின் ஊதொலியும், விற்போர் கூவுதலும் கலந்து வர, ஆடுபவன் அவற்றின் இடையே புகுந்து, விலகி, குனிந்து, துள்ளிச் செல்கிறான். அவனுடைய உடல் விலகும் விதத்தால் வாராத வண்டி வந்ததாகத் தோன்றுகிறது. காட்சிப் பொருள்களைக் குவித்துச் சிறுவர் கண்ணை நிறைப்பதே கடமை என்று எண்ணும் அரங்கினர் இதனைக் கருதுதல் நன்று. தெருவில் நின்று ‘இது கப்பல், இது கடல்’ என்று ஒரு பலகையைக் காட்டி விளையாடும் பிள்ளைக்குப் பொய்க் கப்பலைக் கொணர்ந்து காட்ட வேண்டிய தேவை இல்லை.

இனி, தந்தையார் வரும் காட்சி. ஆடலின் உயிர்நிலை என்று கூறத்தக்கது அதுவே. ஆடுபவனுடைய தலை மழிக்கப்பட்டிருக்கும். அவன் மையினால் தன் உச்சந்தலையில் கண்ணும் வாயும் வரைந்து, தலையை முன்னே கவிழ்க்கிறான். அவ்வளவில் மேடைமீது வேறொருவர் தோன்றுகிறார். உச்சந்தலையே முகமாக, வளைந்த முதுகே தோளாக, குறுகிய உருவினராய் ஒரு முதியவர்! அவர் ஒரு சமையற்காரர். தலை சிறிது அசைந்தால் அவர் சினப்பதுபோல் இருக்கிறது. சற்றே சாய்ந்தால் அவர் வருந்துவதுபோல் இருக்கிறது. வரைந்த வாய் திறப்பதில்லை. ஆயினும் அது பேசுவதாகவே பார்ப்போர் நம்புகின்றனர். கதக் ஆடுவோர் ஒரு சுற்றில் வேறொருவராக மாறும் பழைய மரபு, இங்கே ஒரு கவிழ்ப்பில் நிகழ்கிறது. பாவைக்கூத்தும் அதனுடன் கலந்துவிடுகிறது. ஆடுபவனின் தலையே பாவை.

இக்காட்சியைக் காணும் பிள்ளைகள் முதலில் வியப்பர். பின்னர், வீட்டிற்குச் சென்று தாமும் தலையில் மை பூச விரும்பினாலும் விரும்புவர். ஆனால், அவ்வியப்பின் அடியில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. தந்தையின் முகம் தெரிய வேண்டுமாயின் மகன் தலைகுனிய வேண்டும். மகன் தலை நிமிர்ந்தால் தந்தை மறைந்துவிடுவார். ஓருடலில் இருக்கும் அவ்விருவரும் ஒருவரையொருவர் நோக்க முடிவதே இல்லை. அயல்நாட்டில் குடியேறிய தந்தைக்கும் அந்நாட்டிலே பிறந்த மகனுக்கும் இடையே பல வீடுகளில் நிகழும் வழக்கினை இதைக்காட்டிலும் சுருக்கமாகக் கூறுதல் அரிது. சொல்லால் கூறினால் அது பூசலாகத் தோன்றும். யார் பக்கம் நீதி என்னும் வினா உடனே எழும். உடலால் கூறும்போது வழக்கு மட்டும் தெரிகிறது, தீர்ப்புத் தெரிவதில்லை.

தந்தையின் விருப்பம் தவறானதன்று. தாம் பிறந்த மண்ணையும் மொழியையும் மகன் அறிய வேண்டும் என்று அவர் விரும்புகிறார். 1971-ஆம் ஆண்டில் பெரும் போருக்குப் பின் விடுதலை பெற்ற நாடு வங்காள தேசம். மொழிக்காக மக்கள் உயிர் நீத்த வரலாற்றையும் உடையது. 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் டாக்கா நகரில் வங்க மொழிக்கு உரிமை கேட்டு ஊர்வலம் சென்ற மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நாளே பின்னர் உலகத் தாய்மொழி நாளாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய மொழியைத் தம் மகன் திக்கித் திக்கிப் பேசுவதைக் காணும் தந்தைக்கு நெஞ்சு பொறுக்குமா? மகனின் விருப்பமும் தவறானதன்று. அவன் ஆட விரும்புகிறான். அவனுடைய கால்கள் ஓரிடத்தில் நில்லா. உட்கார் என்று அடக்கும்போது, நாற்காலியில் அமர்ந்தபடியே அவன் நெளிந்தும் தலைகீழாய்த் தொங்கியும் ஆடிக்கொண்டே இருக்கிறான். இவ்வாடலில் வரும் நாற்காலிகள் இருவகை. ஒன்று பொம்மைக்குரியது போன்று மிகச் சிறியது. மற்றொன்று ஆள் உயரத்திற்கு மேற்பட்ட பேருருவம் உடையது. குழந்தைக்கு உலகம் எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதைக் காட்ட அப்பெரிய நாற்காலி ஒன்றே போதும்.

பூசலினின்று விலகிச் சிறுவன் புகலடைவது பாட்டியின் கதையில். அக்கதை சுந்தரவனக் காட்டில் நிகழ்வது. கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் கடலோடு கலக்கும் இடத்தில், வங்காள தேசத்திலும் இந்தியாவிலுமாக ஏறத்தாழ 10,000 சதுரக் கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அலையாத்திக் காடு அது. கடல்நீர் நாள்தோறும் உள்ளே ஏறி இறங்கும். மரங்கள் மூச்சுவிடுவதற்காக வேர்களைச் சேற்றினின்று மேலே நீட்டி நிற்கும். அங்கே புலி நீந்தும். முதலை கரையில் படுத்துக்கிடக்கும். இளவேனில் முடியும் காலத்தில், அரசினரிடம் இசைவுச் சீட்டுப் பெற்ற தேனெடுப்போர் படகுகளில் அக்காட்டினுள் செல்வர். புலியின் வாய்க்கு இரையானோர் அவர்களுள் பலர். ஆதலின், செல்லுமுன் அவர்கள் வனதேவியாகிய போன்பீபியை வேண்டிக்கொள்வர். இந்துக்களும் இசுலாமியரும் ஒருங்கே போற்றும் தெய்வம் அவள். புலி வடிவில் வரும் தொக்கின் ராயினிடமிருந்து அவள் மக்களைக் காப்பாள். ஆனால், தேவைக்கு மேல் எடுப்பவரை அவள் காப்பதில்லை என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை.

தேன்மேல் கொண்ட விருப்பத்தால் காட்டின் கட்டளையை மீறி உட்செல்லும் ஒரு சிறுவனைப் பற்றியது பாட்டியின் கதை. கார்த்திகா நாயர் இக்கதையைத் தனி நூலாகவும் எழுதியுள்ளார். படங்களோடு கூடிய அந்நூல் 2013-இல் வெளிவந்தது. மேடையில் இக்கதை விரியும் முறை கண்ணுக்குப் பெருவிருந்து. ஆடுபவனுக்கு முன்னே மெல்லிய வலைத்திரை ஒன்று தொங்குகிறது. அதன்மேல் ஒளியாலாகிய வெண்கோடுகள் படர்ந்து காடாக வளர்கின்றன. யீஸ்ட் கல்ச்சர் என்னும் குழுவினர் வரைந்த அசையும் படங்கள் அவை. கோடு ஒன்று மேலே எழுந்து மரமாகிறது. ஆடுபவன் அதில் ஏறுவதுபோல் கையையும் காலையும் மாற்றி மாற்றி வைக்க, மரம் கீழே இறங்குகிறது. அவன் மேலே சென்றுவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. படகு மிதக்கிறது, முதலை வாய் திறக்கிறது, யானை வருகிறது, தேனீக்கள் மொய்க்கின்றன. கோடு நிற்கும் இடத்தில் ஆடுபவனின் கைவிரல் சரியாக நிற்க வேண்டும். ஒரு சாண் தவறினாலும் மரம் வெறும் ஒளியாகிவிடும், மாயம் கலையும். அதனால், விளையாட்டுப்போல் காட்சியளிக்கும் இப்பகுதி ஆடுபவனுக்கு மிகக் கடினமான பகுதிகளுள் ஒன்றாகும். சிறுவர்க்கென ஆடும்போது உழைப்பில் தளர்ச்சி காட்டலாம் என்பார்க்கு இதுவே விடை.

பெரிய ஆடலில் இக்கதையைக் கூறுபவன் வளர்ந்த இளைஞனே. இலண்டனில் வளரும் தன் உடன்பிறந்தாள் மகளை மடியில் இருத்துவதுபோல் வைத்துக்கொண்டு அவளுக்கு அவன் இக்கதையைக் கூறுகிறான். அவளுக்கோ இத்தகைய பழங்கதையில் நாட்டம் குறைவு. சிறிய ஆடலில் பாட்டி கூறுகிறாள், சிறுவன் கேட்கிறான். சூ பக்மாஸ்டர் செய்த மாற்றங்களுள் நுட்பமானது இதுவாகும். கேட்பவனாக இருந்து மெய்ம்மறந்தவன்தான் பின்னர்க் கூறுபவனாக ஆக முடியும். அரங்கில் உள்ள பிள்ளைகள் கேட்கும் பருவத்தினர். ஆகவே, மேடையில் இருப்பவனையும் அவர்களோடு கேட்கும் வரிசையில் அமர்த்திவிட்டார்.

பெரிய ஆடலிலிருந்து விலக்கப்பட்டவை பெரும்பாலும் வன்முறை பற்றிய பகுதிகள். 1987-ஆம் ஆண்டில் மக்களாட்சி வேண்டுமென்னும் முழக்கத்தைத் தன் உடம்பின் மேலேயே எழுதிக்கொண்டு டாக்கா நகரத் தெருவில் சென்று, சுடப்பட்டு மாண்ட நூர் ஹுசைன் என்னும் இளைஞனின் நினைவும் பெரிய ஆடலில் உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதனை விளக்கப் பொழுதும் இல்லை. விளக்காமல் காட்டுவது அச்சுறுத்தலாக முடியும். ஆனால், எது விலக்கப்படவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. தந்தையின் சினம் விலக்கப்படவில்லை. மகனின் மறுப்பு விலக்கப்படவில்லை. இழப்பும், மழையும், காற்றும் விலக்கப்படவில்லை. போரைச் சிறுவர் கண்டிரார். தந்தையோடு பிணங்காத சிறுவர் யார்? அவர்கள் அறிந்த துன்பத்தை அவர்களிடமிருந்து ஒளிப்பதில் பயன் ஒன்றும் இல்லை என்று ஆக்கியோர் தெளிந்தனர்.

குடும்பத்தினர்க்கான இத்தகைய ஆடல்கள் நடைபெறும்போது அரங்கின் பழக்கங்களும் சிறிது இளகுகின்றன. பெரியோர் மட்டுமே வரும் நடன அரங்கில் இருமினாலும் அண்டையில் இருப்பவர் திரும்பி நோக்குவர். சிறுவர் வரும் அரங்கிலோ ‘அவன் ஏன் அழுகிறான்?’ என்று ஒரு குழந்தை உரக்கக் கேட்கும். அதன் தாய் காதோடு விடை கூறுவாள். இங்கிலாந்தின் அரங்குகள் பலவற்றில் இதற்கென்றே தளர்வான காட்சிகள் எனச் சில நாட்கள் ஒதுக்கப்படுகின்றன. அந்நாட்களில் விளக்குகள் முற்றும் அணைக்கப்படா. திடுக்கிடச் செய்யும் ஒலி குறைக்கப்படும். பிள்ளைகள் எழுந்து வெளியே சென்று மீண்டும் வரலாம். பேரொலியையும் இருளையும் தாங்க இயலாத இயல்புடைய பிள்ளைகள், தம் பெற்றோரோடு அச்சமின்றி வந்து காண்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நடன அரங்கின் வாயிலை அதற்குமுன் கண்டிராத குடும்பங்கள் பல அவ்வழியே உள்ளே வருகின்றன.

அக்ரம் கான் சிறிய தேசத்தைத் தாமே ஆடவில்லை. அவர்தம் வாழ்க்கையிலிருந்து பிறந்த கதையே ஆயினும், அதனை ஆடும் பொறுப்பு டென்னிஸ் அலமானோஸ், நிக்கோலஸ் ரிச்சினி முதலிய வேறு கலைஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அலமானோஸ் கிரேக்க நாட்டவர். வங்கத் தந்தையின் முகத்தை ஒரு கிரேக்க இளைஞன் தன் உச்சந்தலையில் வரைந்துகொள்வது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால், கதக் மரபில் முகமதியக் கலைஞர் கண்ணனாக ஆடியதும் உண்டு. இந்துக் கலைஞர் முகலாயர் அவையின் பாடலுக்கு ஆடியதும் உண்டு. கதை யாருடையது என்பது ஒன்று. அதனைத் தாங்கும் உடல் யாருடையது என்பது வேறு. அக்ரம் கான் 2018-ஆம் ஆண்டில் ஆக்கிய ‘ஸெனோஸ்’ என்னும் ஆடலோடு, முழுநேரத் தனியாடல் ஆடுவதினின்றும் ஓய்வு பெற முடிவு செய்தார். அதன் பின்னரும் அவருடைய குழு இளையோரையும் குடும்பத்தினரையும் நினைந்து ஆடல்களை ஆக்கியது. 2022-ஆம் ஆண்டில் அரங்கேறிய ‘ஜங்கிள் புக்’ என்னும் ஆடலில், காட்டில் வளரும் மோக்லி சிறுவனாக இல்லாமல் ஒரு சிறுமியாக வருகிறாள். கடல் பெருகி நாடுகள் மூழ்கும் காலத்தில் குடும்பத்தைப் பிரிந்து, மனிதர் கைவிட்டுப்போன நகரம் ஒன்றில் அவள் கரையேறுகிறாள். அந்நகரை இப்பொழுது ஆள்பவை விலங்குகள். அங்கும் ஒளிக்கோடுகளே யானையாகவும் வெள்ளமாகவும் வலைத்திரையில் எழுகின்றன. அவற்றின் நடுவே பத்துக் கலைஞர்கள் ஆடுகின்றனர்.